பழைய பத்திரிகைகளோடு வகுப்பறையிலும் ஆய்விலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வரலாறும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியர்களோடும், உயர்தர மாணவர்களோடும், இளங்கலை ஆய்வேடு எழுதத் தொடங்கியவர்களோடும் எண்ணிமப்படுத்தப்பட்ட பழைய பத்திரிகைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்களே திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னர் சொன்னதைப் பின்னர் மீண்டும் சொல்லாமல் சுட்டிக்காட்டியிருப்பதால், முதன்முறை வாசிப்பவர்கள் மேலிருந்து கீழாக வாசிப்பது நல்லது.

பாடநூலையே வருடத்துக்குள் முடிக்க முடிகிறதில்லை. இதில் பழைய பத்திரிகைக்கு நேரம் எங்கே இருக்கிறது?

பத்திரிகையைத் தனிப்பாடமாகச் சேர்த்தால் நேரம் இராது என்பது உண்மைதான். பாடநூலில் ஏற்கெனவே வரும் ஒரு பகுதியை, அதே நாற்பது நிமிடப் பாடவேளையில், வேறு வழியால் கற்பிப்பதற்கே அதை எடுக்க வேண்டும். டொனமூர் அரசியலமைப்பையும் 1931இல் நடைபெற்ற முதலாவது சர்வசன வாக்குரிமைத் தேர்தலையும் எப்படியும் கற்பிக்கத்தான் போகிறோம். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று வடக்கின் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை என்ற செய்தியைப் பாடநூல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அப்பால் போகிறது. அதே நாள்களின் பத்திரிகைப் பக்கம் ஒன்றை மாணவர் முன் வைத்தால், அந்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியாத மனிதர்கள் வாதாடிக்கொண்டிருப்பதை அவர்கள் காண்பார்கள்.

ஒரு தவணைக்கு ஒரு பக்கம் போதும். நல்ல பக்கம் ஒன்றைத் தெரிவுசெய்து அதிலேயே நின்று நிதானமாக வாசிப்பது, பத்துப் பக்கங்களைத் திரையில் ஓட்டிக் காட்டுவதைவிடப் பயன் தரும்.

எண்ணிமப் பத்திரிகை என்றால் பி.டி.எஃப். தானே?

பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் அந்தக் கோப்புக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒன்று, தாளையோ நுண்படச் சுருளையோ (மைக்ரோபிலிம்) படம் பிடித்த பக்கப் படம். மற்றது, அந்தப் படத்தைக் கணினி எழுத்தெழுத்தாக வாசித்து உருவாக்கிய தேடக்கூடிய பாடம். பக்கப் படம் பெரும்பாலும் நம்பத்தக்கது. கணினி வாசித்த பாடம் பல இடங்களில் பிழையானது. இலங்கைத் தமிழ் இதழ்களை இணையத்தில் தரும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் கிடைக்கும் பழைய இதழ்கள் பலவற்றுள் சொல் தேட முடியாது. இதழின் பெயரையும் திகதியையும் கொண்டு இதழைக் கண்டெடுத்து, பக்கம் பக்கமாக நாமேதான் வாசிக்க வேண்டும். ஆரம்பத்தில் இது பெருங்குறையாகத் தோன்றும். மாணவர்கள் முழுப் பக்கத்தையும் பார்க்க நேர்வது இதனால்தான் என்பதால், அதைக் குறையாக நான் எண்ணுவதை விட்டுப் பல காலமாகிறது.

தமிழ்ப் பத்திரிகைகள் எங்கே கிடைக்கும்? காசு கட்ட வேண்டுமா?

இலங்கைத் தமிழ் இதழ்களுக்கு முதலில் போக வேண்டிய இடம், 2005இல் தொடங்கப்பட்டு இன்றும் தொண்டர்களின் உழைப்பால் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம். கட்டணம் இல்லை, தரவிறக்கிக்கொள்ளலாம். அங்கே இதழ்கள் பெயரும் திகதியுமாக, ஆண்டு முதலிலும் நாள் இறுதியிலுமாகப் பட்டியலிடப்பட்டிருக்கும் என்பதால், ‘ஈழநாடு’ என்ற பெயரோடு 1964.12 என்று சேர்த்துத் தேடினால் அந்த மாதத்து இதழ்கள் இருக்கின்றனவா என்பது உடனே தெரிந்துவிடும். சிங்கப்பூர் தேசிய நூலகச் சபையின் பத்திரிகைக் காப்பகத்தில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இருக்கிறது. மலாயாவுக்கு எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி ஊழியர்களாகவும் போன யாழ்ப்பாணத்தவர்களைப் பற்றி அறிய விரும்புபவர் அதைத் தவறவிடக் கூடாது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இணையத்தில் இல்லாத இதழ்களைத் தாளிலேயே பார்ப்பதற்குத் தேசிய சுவடிக்கூடமும் தேசிய நூலகமும் கொழும்பு 7இலேயே இருக்கின்றன. முதற் பயணத்தின்போது பல்கலைக்கழகத்தின் அல்லது பாடசாலையின் கடிதத்தையும், அடையாள அட்டையையும், பென்சில் ஒன்றையும் கொண்டுபோவது நல்லது. எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு, எந்த மாதம் என்று எழுதிக் கொண்டுபோகாதவர்கள் அரை நாளைப் பட்டியலிலேயே செலவிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

ஆங்கிலத்தில் இருக்கிற வெளிநாட்டுப் பத்திரிகைகள் எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு?

கொழும்பு ஒரு துறைமுகம் என்பதற்காகத்தான். அவுஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் ஓடிய கப்பல்கள் இங்கே தரித்துச் சென்றமையால், அவுஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் கொழும்பைப் பற்றிய செய்திகள் குவிந்து கிடக்கின்றன. அதற்கும் கட்டணம் இல்லை. தந்திரசாலியை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா? அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் என்றும், 1914 செப்டெம்பரில் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது என்றும், நவம்பரில் கொக்கோஸ் தீவருகே ‘சிட்னி’ என்ற அவுஸ்திரேலியக் கப்பல் அதனை அழித்து, பிடிபட்ட மாலுமிகளைக் கொழும்புக்கே கொண்டுவந்து இறக்கியது என்றும் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அதன்பின் ட்ரோவ் தளத்தில் அந்த மாதத்துச் செய்திகளைத் தாமே தேடும்படி விட்டுவிடலாம். பாட்டியின் வாயில் வந்த ஒரு சொல்லுக்குத் திகதி கிடைக்கிற அந்தக் கணத்துக்குப் பின், வரலாற்றுப் பாடத்தைப் பற்றி மாணவரிடம் தனியாகப் பரிந்துபேசத் தேவையிருப்பதில்லை.

வீரகேசரியும் தினகரனும் முதல் இதழிலிருந்து எல்லாமே இணையத்தில் இருக்கின்றனவா?

இல்லை. 1930 ஓகஸ்ட் 6ஆம் திகதி தொடங்கிய ‘வீரகேசரி’யோ, 1932 மார்ச்சில் லேக் ஹவுஸ் தொடங்கிய ‘தினகரன்’ஓ, யாழ்ப்பாணத்தில் நா. பொன்னையா நடத்திய ‘ஈழகேசரி’யோ, வேறு எதுவுமோ இடைவெளியின்றித் தொடராகக் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது. பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழால் ஆனது. அதிலுள்ள அமிலத்தால் பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடிந்து, நம் நாட்டு ஈரப்பதத்திலும் பூச்சிகளிடத்திலும் அகப்பட்டு அழிந்துபோகும். தொகுத்துக் கட்டும்போது உள்விளிம்புச் சொற்கள் தையலுக்குள் போய்விடும். ஞாயிறு மலர்களும் சிறப்பு அனுபந்தங்களும் கட்டில் சேராமலே தொலைந்துபோகும்.

இயற்கையால் அழிந்தவை ஒரு பக்கம் இருக்க, அழிக்கப்பட்டவையும் உண்டு. 1981 மே 31ஆம் திகதி இரவிலும் அதையடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. ‘ஈழநாடு’ அலுவலகமும் அந்த நாள்களிலேயே எரிக்கப்பட்டது. ஆகவே ஒரு மாணவர் குறிப்பிட்ட ஓர் ஆண்டு இதழ்கள் எங்குமே இல்லை என்று வந்து சொல்லும்போது, அது ஏன் இல்லை என்பதையே முதற் கேள்வியாக அவருக்குக் கொடுக்கலாம்.

முதல் வகுப்பிலேயே எதைக் கொடுப்பது? ஆசிரியர் தலையங்கமா?

தலையங்கம் வேண்டாம். அதன் நடை கடினமானது. அன்றைய அரசியலின் உட்பேச்சு தெரியாமல் விளங்காது. விளம்பரங்களில் தொடங்குங்கள். தைலம், சவர்க்காரம், புடைவைக் கடை, வானொலிப் பெட்டி, கொழும்புக் கோட்டையிலிருந்து தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடிக்குச் செல்லும் பயணம் ஆகியவற்றைப் பற்றிய விளம்பரங்களைத் தரம் 8 மாணவரும் வாசித்துவிடுவார். யாருக்கு விற்கிறார்கள், என்ன விலை, படத்தில் இருப்பவர் என்ன உடுத்தியிருக்கிறார், கடை எந்தத் தெருவில் என்ற நான்கு கேள்விகளே ஒரு பாடவேளைக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாவது வகுப்புக்கு 1964 டிசம்பர்ப் புயலை நான் பரிந்துரைப்பேன். டிசம்பர் 22ஆம் திகதி இரவு தாக்கிய அந்தப் புயலில்தான் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு புகையிரதம் கடலுக்குள் போனது. இந்தப் பக்கம் மன்னாரும் வடபகுதியும் பாதிக்கப்பட்டன. 1914 முதல் ஓடிக்கொண்டிருந்த தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் அதோடு முடிந்தது. கிடைக்கக்கூடிய ஒரு பத்திரிகையின் அவ்வார இதழ்களைத் திகதி வரிசையில் எடுத்து, இறந்தோர் தொகையாக ஒவ்வொரு நாளும் என்ன அச்சாகியிருக்கிறது என்பதை மாணவரைக் கொண்டு கரும்பலகையில் எழுதச் செய்யுங்கள். எண்கள் மாறிக்கொண்டு போகும். தந்திக் கம்பிகள் அறுந்துகிடந்த நாளில் ஒரு செய்தியாளருக்கு எது தெரிந்திருக்க முடியும் என்று அப்போது கேட்டால், பத்திரிகையின் திகதி ஏன் முக்கியம் என்பதை விளக்கத் தனிச் சொற்பொழிவு தேவைப்படாது.

எங்கள் பாடசாலையில் கணினி அறை பூட்டித்தான் கிடக்கிறது. பிள்ளைகளிடம் டேட்டாவும் இல்லை. அப்போது?

கணினியே வேண்டாம். ஆசிரியர் வீட்டில் தரவிறக்கி, வேண்டிய பகுதியை மட்டும் பெரிதாக்கி ஏ3 தாளில் அச்சிட்டு, நால்வருக்கு ஒரு தாளாகக் கொடுக்கலாம். நான் ஆரம்பத்தில் முழுப் பக்கத்தையும் ஏ4இல் சுருக்கிப் பிரதியெடுத்து, முப்பதுக்கு மேற்பட்டோருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஒருவராலும் ஒரு வரிகூட வாசிக்க முடியாமல் பாடவேளையை வீணாக்கியிருக்கிறேன். இப்போது ஒரு குழுவுக்கு இரண்டு தாள்கள் கொடுக்கிறேன்: பெரிதாக்கிய செய்தி ஒன்று, அந்தச் செய்தி பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்பதைக் காட்டும் முழுப் பக்கத்தின் சிறிய படம் மற்றொன்று.

தேடிப் பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை. அப்படியென்றால் அந்தச் செய்தி பத்திரிகையில் வரவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிக அதிகமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். தேடலில் ஒன்றும் வராமைக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்: செய்தி உண்மையிலேயே வரவில்லை; வந்த இதழ் பேணப்படவில்லை; இதழ் இருக்கிறது, ஆனால் கணினி எழுத்தைப் பிழையாக வாசித்திருக்கிறது; எழுத்துச் சரி, ஆனால் அன்றைய சொல் வேறு.

மூன்றாவதை முதலில் பார்ப்போம். 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணா, றா, னா ஆகியவையும், ணை, லை, ளை, னை ஆகியவையும், அவற்றோடு சேர்ந்த ணொ, றோ போன்றவையுமாகப் பதின்மூன்று எழுத்துகள் இன்று நாம் காணும் வடிவில் இருக்கவில்லை. இலங்கையில் பழைய வடிவங்கள் அதற்குப் பின்னும் வழங்கின. இன்றைய எழுத்துருக்களைக் கொண்டு பழக்கப்பட்ட கணினி யானைத் துதிக்கைபோல வளைந்த பழைய வடிவ லையைக் கண்டு தடுமாறும். ரகரத்தையும் காலையும் பிரித்தறியாமல் விடும். அருகருகே உள்ள இரண்டு பத்திகளை ஒரே வரியாகக் கோத்து, மரண அறிவித்தலையும் நெல் விலையையும் ஒரு வாக்கியமாக்கிவிடும்.

நான்காவது காரணம் இன்னும் சுவையானது. ஆளுநரை அன்று தேசாதிபதி என்றார்கள். பத்திரிகை ஆசிரியரைப் பத்திராதிபர் என்றார்கள். பல்கலைக்கழகம் சர்வகலாசாலையாக இருந்தது. சட்டசபை என்று இன்று நாம் எழுதும் இடத்தில் சட்டநிரூபண சபை என்றிருக்கும். மலையகத் தொழிலாளரின் தலைவர் ஒருவரையே நடேசய்யர், நடேசையர், நடேச ஐயர் என மூன்று விதமாகத் தேட வேண்டும். மலேரியாவைத் தேடும் மாணவர் மலேறியா, விஷக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என்பவற்றையும் முயன்று பார்த்த பின்னரே ‘இல்லை’ என்று எழுதலாம். சொற்பட்டியல் ஒன்றைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்து, வாசிக்கும்போது எதிர்ப்படும் பழைய சொல்லை அதில் சேர்த்துக்கொண்டே போனால், இரண்டு மாதத்தில் அது எந்தத் தேடுபொறியையும்விட உதவும்.

திகதி இருக்க வேண்டிய இடத்தில் விளங்காத குறிகள் இருக்கின்றன. அதை எப்படி வாசிப்பது?

௵ என்பது வருடத்தையும், ௴ என்பது மாதத்தையும், ௳ என்பது நாளையும் குறிக்கும். எண்கள் ௧, ௨, ௩ எனத் தமிழிலும் இருக்கலாம். வருடம் பெரும்பாலும் அறுபதாண்டு வட்டத்தின் பெயராக இருக்கும். யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘உதயதாரகை’ பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்த 1841 ஜனவரி 7 சார்வரி வருடத்து மார்கழியில் விழுகிறது. பெயரைப் பார்த்ததும் சித்திரையில் வருடம் பிறப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; சார்வரி 1840 ஏப்ரலில் பிறந்து 1841 ஏப்ரல் வரை நீண்டது.

அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்பி வருவதுதான் இதிலுள்ள பொறி. சார்வரி என்று மட்டும் தெரியும் கிழிந்த துண்டு 1840க்கும் உரியதாகலாம், 1900க்கும் 1960க்கும் உரியதாகலாம். அப்படியொரு துண்டை நான் 1900 என்று உறையில் எழுதி வைத்திருந்தேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த மாணவி ஒருத்தி, “இதில் ரேடியோ விளம்பரம் இருக்கிறதே” என்றாள். உறையில் இப்போது 1960 என்றிருக்கிறது. விலைகளும் அவ்வாறே உதவும்: இலங்கையில் ரூபாயும் சதமும் 1872இலிருந்துதான் சட்டபூர்வ நாணயம் என்பதால், பவுணிலும் சிலினிலும் கணக்குச் சொல்லும் அறிவித்தல் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

உதயதாரகையை நடத்தியவர்கள் வெள்ளைக்காரப் பாதிரிமார்தானே? ஆசிரியர் பெயரே ஹென்றி மார்ட்டின் என்று இருக்கிறது.

பத்திரிகை அமெரிக்க மிஷனுக்குரியது என்பது சரி. ஆனால் அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பாடசாலைகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளர்களதும் சமயப் பெரியார்களதும் பெயர்களைச் சூட்டும் வழக்கம் அன்று இருந்தது. இந்த ஒரு விவரத்தை வைத்தே ஒரு பாடவேளையை நடத்தலாம்: முதலில் பெயர்களை மட்டும் சொல்லி ஆட்கள் யாராயிருப்பர் என்று ஊகிக்கச் சொல்லுங்கள், பின் உண்மையைச் சொல்லுங்கள், அதன்பின் இருமொழியில் வெளிவந்த அந்தப் பத்திரிகையின் ஒரே செய்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஒரே சம்பவத்தை இரண்டு பத்திரிகை இரண்டு விதமாக எழுதியிருக்கின்றன. எதை நம்பச் சொல்வது?

எதை நம்புவது என்பதற்கு முன், யாருடைய பத்திரிகை, யாருக்காக எழுதப்பட்டது, எந்த நாளில் எழுதப்பட்டது என்ற மூன்றையும் மாணவர் எழுத வேண்டும். ‘சுதந்திரன்’ 1947இல் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் முயற்சியால் தொடங்கப்பட்டது, பின்னர் தமிழரசுக் கட்சியின் குரலாயிற்று. ‘தினகரன்’ டி. ஆர். விஜேவர்தனவின் நிறுவனத்துக்குரியது, 1973இல் லேக் ஹவுஸ் சட்டத்தின் மூலம் அரசின் கைக்குப் போனது. ஆகவே 1970ஆம் ஆண்டின் தினகரனும் 1975ஆம் ஆண்டின் தினகரனும் பெயரளவிலேயே ஒரே பத்திரிகை.

கொழும்பு வகுப்பறைகளுக்கு மிகப் பொருத்தமானதென்று நான் கருதும் பயிற்சி இதிலிருந்து பிறக்கிறது. ஒரே நிறுவனம் தமிழில் ‘தினகரன்’, சிங்களத்தில் ‘தினமின’, ஆங்கிலத்தில் ‘டெய்லி நியூஸ்’ என மூன்றையும் வெளியிட்டது. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டமூலம் விவாதிக்கப்பட்ட நாள்களில் ஒன்றைத் தெரிவுசெய்து, மூன்றின் முதற்பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த மாணவர் நம் வகுப்புகளில் பலர் இருக்கிறார்கள். அந்த ஆற்றலுக்கு வரலாற்றுப் பாடத்தில் இடம் கிடைப்பது அரிது. உரிமையாளர் ஒருவரே என்பதால், வேறுபாடு இருந்தால் அது வாசகரை முன்னிட்டு வந்ததா என்று கேட்க இந்த ஒப்பீடு வழி திறக்கும்.

அவசரகாலத்தில் தணிக்கை இருந்ததே, அந்த நாள் பத்திரிகைகளால் என்ன பயன்?

1958 மே 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டதும் பத்திரிகைத் தணிக்கையும் வந்தது. 1971 கிளர்ச்சியின்போதும் அவ்வாறே. அந்த நாள் இதழ்கள் நடந்ததைச் சொல்லமாட்டா, ஆனால் எதைச் சொல்ல விடப்பட்டார்கள் என்பதைச் சொல்லும். ஊரடங்கு நேரங்கள், உணவுப் பங்கீடு, புகையிரதச் சேவை நிறுத்தம், அகதிகளை ஏற்றிய கப்பல்கள் பற்றிய அறிவித்தல்கள் ஆகியவற்றைத் தேடி வாசிக்கச் சொல்லுங்கள். செய்தி அடக்கப்பட்ட இடத்திலும் அறிவித்தல்கள் பேசும். பிற நாட்டுப் பத்திரிகைகளில் அதே வாரத்தைப் பார்ப்பதும் உதவும்.

கூலி என்றும் சாதிப் பெயர்களும் தாராளமாக வருகின்றன. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

காட்டலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும். மலையகப் பெற்றோரின் பிள்ளைகள் கொழும்பு வகுப்புகளில் இருக்கிறார்கள். எந்த எச்சரிக்கையுமின்றி அந்தச் சொல் திரையில் பெரிதாக வந்து நிற்பதும், பின்வாங்கிலிருந்து யாராவது சிரிப்பதும், அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு மறக்காது. அச்சில் உள்ள சொல்லை மாற்றி எழுதுவதையும் நான் ஏற்பதில்லை. அப்படி மாற்றினால், அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டவர்களுக்காக நடேசய்யர் 1924இல் ‘தேசபக்த’னைத் தொடங்கி என்ன சொல்ல முயன்றார் என்பதே விளங்காமல் போகும்.

நான் செய்வது இது: அரசாங்க அறிக்கையும் தோட்டத் துரைமாரின் கடிதங்களும் அந்த மக்களை எப்படி அழைத்தன, அந்த மக்களின் சார்பில் எழுதியவர்கள் எப்படி அழைத்தார்கள் என்று இரண்டு பத்திகளாக எழுதச் சொல்வேன். மாணவர் தமது சொந்த வாக்கியத்தில் ‘தோட்டத் தொழிலாளர்’ என்றும், மேற்கோளில் மட்டும் பழைய சொல்லை மேற்கோட்குறிக்குள்ளும் எழுத வேண்டும் என்பது விதி.

பிரதியெடுத்துக் கொடுத்தால் பதிப்புரிமைப் பிரச்சினை வராதா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அன்றாடச் செய்திகளுக்குப் பாதுகாப்பளிப்பதில்லை. கற்பித்தலுக்காக வகுப்புக்கு வேண்டிய பிரதிகளை எடுப்பதை நியாயமான பயன்பாட்டில் சேர்த்தே பேசுகிறது. சிறுகதை, கவிதை, கேலிச்சித்திரம், பெயரோடு வந்த கட்டுரை ஆகியவை வேறு. அவற்றை எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. வகுப்பில் பகிர்வது ஒன்று, முழு இதழையும் பாடசாலையின் முகநூல் பக்கத்தில் ஏற்றுவது இன்னொன்று.

அடிக்குறிப்பில் இணைய முகவரியைப் போட்டால் போதாதா?

போதாது. முகவரிகள் மாறும். பத்திரிகையின் பெயர், செய்தியின் தலைப்பு, வெளிவந்த திகதி, பக்க எண், எந்தக் காப்பகத்தில் எந்த நாளில் பார்த்தது என்ற ஒழுங்கில் எழுதுங்கள். முகவரி கடைசியில் வரட்டும். அச்சில் பார்த்தீர்களா, நுண்படத்திலா, எண்ணிமப் பக்கத்திலா என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். தலைப்பு பழைய எழுத்துக்கூட்டலில் இருந்தால் அப்படியே எழுத வேண்டும். திருத்தினால் அடுத்தவர் தேடும்போது கிடைக்காது.

சாட்ஜிபிடியிடம் பக்கத்தைக் கொடுத்தால் அழகாக எழுத்தாக்கித் தருகிறதே. பிறகு ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அழகாக எழுத்தாக்கித் தருவதுதான் கவலை. மேலே சொன்ன, பக்கப் படத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கும் பழைய எழுத்துணரி பிழைவிட்டால் அது பிழையென்று பார்த்ததும் தெரியும். நெல் விலையும் மரணமும் கலந்து கிடக்கும். இந்தப் புதிய கருவிகளோ மை கலைந்த இடத்தில் தாமே பொருத்தமான சொல்லைப் போட்டு, பழைய நடையை இன்றைய நடையாக்கி, இலக்கணப் பிழையில்லாத ஒரு பந்தியைத் தந்துவிடும். அதில் அச்சில் இல்லாத சொல் எது என்பது மூலத்தை வரிவரியாக ஒப்பிட்டாலன்றித் தெரியாது. முதல் வரைவுக்கு உதவியாக எடுத்துக்கொள்ளலாம். மேற்கோளாகக் காட்டும் ஒவ்வொரு சொல்லையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயர்களையும் எண்களையும், பக்கப் படத்தோடு சரிபார்த்த பின்னரே ஒப்படையில் சேர்க்க வேண்டும். கருவியைப் பயன்படுத்தியதாக ஒரு வரி எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஒரு பிள்ளை தன் பூட்டனாரின் பெயரைப் பழைய வழக்குச் செய்தியில் கண்டெடுத்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். நீதிமன்றச் செய்தி அன்றைய குற்றச்சாட்டைச் சொல்லும். தீர்ப்பு சில மாதங்களின் பின் வேறு பக்கத்தில் சிறிதாக வந்திருக்கலாம், வராமலும் விட்டிருக்கலாம். அந்தப் பிள்ளையோடு தனியே பேசி, வீட்டில் காட்டுவதா இல்லையா என்பதைத் தானே முடிவு செய்யும்படி விடுவதே முறை. செயற்றிட்டத்தில் வழக்கு, தற்கொலை, நோய் பற்றிய செய்திகளில் வரும் சாதாரண மனிதரின் பெயர்களை முதலெழுத்தாகச் சுருக்கச் சொல்வதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

பத்திரிகையை மட்டும் வைத்துக்கொண்டு இளங்கலை ஆய்வேடு எழுதலாமா?

தலைப்பைப் பொறுத்தது. ‘ஒரு பத்திரிகை இந்த நோயைப் பற்றி எப்படி எழுதியது’ என்பது தலைப்பானால் பத்திரிகையே போதும். ‘அந்த நோய் எப்படிப் பரவியது’ என்பது தலைப்பானால் போதாது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்து மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். கேகாலையிலும் குருநாகலிலும் நடந்ததைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சான தமிழ்ப் பத்திரிகைகளிலிருந்து மட்டும் எழுத முற்பட்டால், தூரத்திலிருந்து கேட்டதையே எழுதுவோம். மருத்துவத் திணைக்களத்தின் நிர்வாக அறிக்கைகளும், அரசாங்க சபை விவாதங்களும், சிங்களப் பத்திரிகைகளும் சேர வேண்டும்.

எந்தத் தலைப்பானாலும் காலத்தைக் குறுக்குங்கள். 1934 ஒக்டோபர் முதல் 1935 மார்ச் வரை என்று ஆறு மாதத்தை எடுத்து, ஒரு பத்திரிகையின் ஒவ்வொரு இதழுக்கும் அட்டவணையில் ஒரு வரி ஒதுக்குங்கள்: திகதி, பக்கம், தலைப்பு, எத்தனை பத்தி, செய்தி எங்கிருந்து வந்தது. செய்தி இல்லாத நாள்களுக்கும் வரி இருக்க வேண்டும். அந்த வரியில் ‘இதழ் கிடைக்கவில்லை’ என்பதையும் ‘இதழை முழுதும் வாசித்தேன், செய்தி இல்லை’ என்பதையும் வெவ்வேறாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே வெற்றுக் கட்டமாக விட்டுவிட்டு, நான்கு மாதம் கழித்து எது எதுவென்று தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிய மாணவர்கள் இருவரை எனக்குத் தெரியும்.